மகளுக்கு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி: எங்கே தொடங்குவது?

கேள்வி: என் மகள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிதான் படிப்பேன் என்கிறாள். அமெரிக்காவில் நேரடியாகவே சேரலாமாம்; இங்கே எப்படி? கதிர்வீச்சு பெண்களுக்கு ஆகாது என்று உறவினர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள்.
- ஒரு தந்தை, பாலக்கோடு

பதில்: ஸ்கேன், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே ஊசி, குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் இந்தத் துறைக்கு இங்கே நேரடி வழி கிடையாது. நீட் பி.ஜி. எழுதி எம்.டி. ரேடியோ டயக்னோசிஸ் அல்லது அதற்கு இணையான டி.என்.பி. 3 ஆண்டு, பிறகு உயர்சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். எழுதி இன்டர்வென்ஷனல் ரேடியாலஜியில் டி.எம். 3 ஆண்டு. எய்ம்ஸுக்குத் தேர்வு தனி. அமெரிக்க நேரடிப் படிப்பும் முதலாண்டுப் பயிற்சியைச் சேர்த்தால் 6 ஆண்டுதான். இங்கே இரண்டு நுழைவுத் தேர்வு என்பது தலைவலி. ஆனால் மனம் மாறினால் எம்.டி.யோடு நின்று ரேடியாலஜிஸ்ட் ஆகிவிடலாம். அது சின்ன வசதி இல்லை.

கவுன்சிலிங்கில் பலரும் கல்லூரியின் பெயரையும் ஊரையும்தான் பார்க்கிறார்கள். உங்கள் மகள் வேறு கேள்விகளைக் கேட்கட்டும். அங்கே ஆஞ்சியோ செய்யும் டி.எஸ்.ஏ. கருவி இருக்கிறதா? ஈரல் சீழ்க்கட்டிக்குக் குழாய் போடுவது ரேடியாலஜி துறையா, சர்ஜரி துறையா? காசநோயாளி ரத்தமாக இருமினால், ரத்தக்குழாயை அடைக்க நள்ளிரவில் ரேடியாலஜி துறையினரைக் கூப்பிடுவார்களா? துறைத் தலைவரை விட இரண்டாமாண்டு மாணவரிடம் கேட்டால் உண்மை சீக்கிரம் வரும்.

இந்தத் துறையின் அடிப்படை, 1953-இல் ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் வெளியிட்ட முறை: ஊசி குத்தி, அதன் வழியே கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே குழாயை ஏற்றுவது. டயாலிசிஸ் நோயாளியின் கழுத்தில் குழாய் போடுவதும் இப்படித்தான். அதை உங்கள் மகள் இப்போதே பக்கத்தில் நின்று பார்க்கலாம். இடது கையில் அல்ட்ராசவுண்ட் புரோப், வலது கையில் ஊசி. திரையில் ஊசிமுனை மறைந்தால் கை நின்றுவிட வேண்டும். எம்.டி. முதலாண்டிலேயே இந்தப் பழக்கம் வராதவர்கள் டி.எம்.மில் திணறுவதைப் பார்க்கிறோம்.

எம்.டி.யில் 3 மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணி கட்டாயம். ஆஞ்சியோ கருவி இல்லை என்று அதை விடுமுறையாக்கிக்கொள்பவர்கள் உண்டு. அல்ட்ராசவுண்ட் பார்த்து நீர் எடுக்கவும் சீழ் எடுக்கவும் அங்கேதான் கை பழகும்.

கதிர்வீச்சு வரம்பில் ஆண், பெண் என்ற பேதமில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் உறுதியானதும் துறையில் சொல்லிவிட வேண்டும். மீதி மாதங்களுக்குக் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். உண்மையில் அதிகம் கேட்கும் புகார், கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரனைச் சுமந்து வரும் முதுகுவலி. அளவு காட்டும் டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். உடை மாற்றும் அறை ஆணியில் தொங்கும் பேட்ஜ், அந்த அறையின் கணக்கைத்தான் காட்டும்.