கல்லீரல் ஹைடாடிட் கட்டி: லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்தா?

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகர்: "ஆடு வளர்க்கிற குடும்பம். ஆத்தாவுக்கு 54 வயது, கல்லீரலில் 8 செ.மீ. ஹைடாடிட் கட்டி. ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பி போதும் என்கிறார், இன்னொருவர் திறந்துதான் எடுக்கணும் என்கிறார். யாரை நம்புவது?"

ஹைடாடிட் கட்டி என்பது நாயிடமிருந்து தொற்றும் நாடாப்புழுவின் இளம்புழு உள்ளே வளரும் நீர்க்கட்டி. லேப்ராஸ்கோப்பி என்பது சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன். முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டி எந்த நிலை என்று பாருங்கள், அதை சிஇ 1 முதல் 5 வரை எண் போட்டுச் சொல்வார்கள். சிஇ 4, 5 என்றால் புழு பெரும்பாலும் செத்துப்போன, கெட்டியான கட்டி. தொந்தரவு இல்லாவிட்டால் கத்தியே வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் எடுத்தால் போதும். சிஇ 1, 3ஏ கட்டிகள் பலவற்றுக்கு மாத்திரையோ ஊசி வழியாக உறிஞ்சுவதோ போதும். உள்ளே குட்டிக்கட்டிகள் அடைந்திருக்கும் சிஇ 2, 3பி, அப்புறம் உடைந்துவிடும் போலிருக்கும் பெரிய கட்டி, இவைதான் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு வருபவை.

லேப்ராஸ்கோப்பியில் வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம், தையல் சீழ் பிடிப்பதும் பின்னால் குடலிறக்கம் வருவதும் குறைவு. சரி, அப்புறம் ஏன் ஒருவர் தயங்குகிறார்? கட்டிக்குள் இருக்கும் நீர்தான் காரணம். அது வயிற்றுக்குள் சிந்தினால் கடும் அலர்ஜியில் உயிருக்கே ஆபத்தாகலாம், சிந்திய இடத்தில் சில வருடம் கழித்துப் புதுக் கட்டிகளும் முளைக்கலாம். திறந்து செய்யும்போது கட்டியைச் சுற்றிலும் செறிவான உப்புநீரில் நனைத்த துணியைக் கையாலேயே அடைத்துவிட முடியும். துளை வழியே அது சிரமம். அதற்காகவே கோவை டாக்டர் சி. பழனிவேலு கட்டியோடு ஒட்டி நின்று உறிஞ்சும் தனிக் குழாய் ஒன்றை வடிவமைத்தார். கட்டி கல்லீரலின் முன்பக்கம், ஓரமாக இருந்தால் நான் லேப்ராஸ்கோப்பிக்கே ஓட்டுப் போடுவேன். பின்பக்கம் உதரவிதானத்தை ஒட்டியோ பெரிய ரத்தக்குழாய் பக்கமோ இருந்தால் திறப்பதுதான் நல்லது. மஞ்சள் காமாலை வந்திருந்தால் கட்டி பித்தக்குழாயோடு தொடர்பு வைத்திருக்கலாம், பித்தக்குழாயைப் படம் பிடிக்கும் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டாக்டரிடம் இந்தக் கட்டியைத் துளை வழியே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். நடுவில் திறக்க நேர்ந்தால் அது தோல்வியும் இல்லை.

எந்த முறையானாலும் ஆல்பெண்டசோல் என்ற புழுமருந்து மாத்திரை உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கி, பின்பும் குறைந்தது ஒரு மாதம். எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் சேரும், நம் சமையலில் அதற்கா பஞ்சம்! கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனை இடையில் அவசியம். பிறகும் சில வருடம் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இது கறி சாப்பிட்டு வருவதல்ல. நாயின் மலத்தில் இருக்கும் முட்டை கை வழியே, கழுவாத காய் வழியே வயிற்றுக்குள் போவதால் வருவது. கிடா வெட்டும்போது ஈரல், நுரையீரலை நாய்க்குத் தூக்கிப் போடாதீர்கள், வீட்டு நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் புழுமருந்து வாங்கிக் கொடுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.