ஆஸ்திரேலிய ஃபுட்டி: காலி இடம் எங்கே போனது? (கேள்வி பதில்)

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலின் பழைய ஆட்டங்களையும் இப்போதைய ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே விளையாட்டா என்று சந்தேகம் வரும். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லாக் கேள்விக்குள்ளும் ஒரே விஷயம்தான் இருக்கிறது: அவ்வளவு பெரிய மைதானத்தில் இருந்த காலி இடம் எங்கே போனது?

கேள்வி: எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். மற்ற பதில்கள் புரிவதற்கு முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுங்களேன்.

கிரிக்கெட் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1858-இல் மெல்பர்னில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர், குளிர்காலத்திலும் ஆட்டக்காரர்கள் உடம்பைத் தயாராக வைத்திருக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே விதிகள் எழுதப்பட்டன. இன்றும் பெரிய ஆட்டங்கள் கிரிக்கெட் மைதானங்களில்தான் நடக்கின்றன. நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை இருக்கலாம். அணிக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள்; நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். அதுதான் ஹேண்ட்பால். 15 மீட்டருக்குக் குறையாமல் வந்த உதையைத் தரையில் படாமல் பிடித்தால் மார்க். பிடித்தவர் தடையில்லாமல் அடுத்த உதையை உதைக்கலாம்.

இன்னொன்று: இந்த ஆட்டத்தில் ஆஃப்சைட் கிடையாது. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒவ்வொருவர் பக்கத்திலும் எதிரணிக்காரர் ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். எல்லோரும் எங்கும் போகலாம் என்றால் ஏன் போகவில்லை?

போனால் திரும்பி வர மூச்சு இருக்காது. அதுதான் காரணம். 1930-இல்தான் 19-ஆவது ஆள் வந்தார், 1946-இல் 20-ஆவது ஆள். இவர்கள் மாற்று ஆட்டக்காரர்கள். வெளியே போனவர் திரும்ப உள்ளே வர முடியாது. ஆகவே 18 பேரில் பெரும்பாலோர் முழு ஆட்டத்தையும் ஓடி முடிக்க வேண்டும். மூன்று மூன்று பேராக ஐந்து வரிசை. ரக்மேன், ரக் ரோவர், ரோவர் என்ற மூவர் மட்டும் பந்து போகும் இடமெல்லாம் ஓடுவார்கள். மற்றவர்கள் தங்கள் இடத்தில் நின்று எதிரே இருப்பவரோடு மோதுவார்கள்.

மெல்பர்னின் குளிர்கால மழையில் மைதானம் சேறாகிவிடும், தோல் பந்து நனைந்து கனக்கும். அந்தச் சேற்றில் குட்டிக் குட்டிப் பாஸ் போடுவது ஆபத்து. நீளமாக உதை, உயரமாக உதை, அங்கே இருப்பவர் எழும்பிப் பிடிக்கட்டும் என்பதே அன்றைய அறிவு.

கேள்வி: என் மகன் ஆஸ்கிக் என்ற சிறுவர் ஃபுட்டி பயிற்சிக்குப் போகிறான். அங்கே ட்ராப் பண்ட் ஒன்றைத்தான் சொல்லித் தருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரோ ட்ராப் கிக், டார்ப்பீடோ என்று கதை சொல்கிறார். ஏன் அவையெல்லாம் போயின?

அம்மா, பெரியவர் சொல்வது உண்மையான பொக்கிஷம், கேட்டு வையுங்கள். ட்ராப் கிக்கில் பந்தைக் கீழே விட்டு, அது தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்திலேயே உதைக்க வேண்டும். சரியாகப் பட்டால் பந்து நீண்டு தாழப் பறக்கும். தரை கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் காரியம் கெட்டது. டார்ப்பீடோவில் பந்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து உதைப்பார்கள். அது தன் நீள அச்சில் சுழன்றுகொண்டே போகும். 1976-இல் பிரின்சஸ் பார்க்கில், கடைசி சைரன் ஒலித்த பிறகு, நார்த் மெல்பர்ன் அணியின் மால்கம் பிளைட் 70 மீட்டருக்கும் மேல் இப்படி உதைத்து கார்ல்டன் அணியைத் தோற்கடித்தார்.

ட்ராப் பண்ட் வேறு வகை. பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, கீழ் முனை பாதத்தில் படும்படி விட வேண்டும். பந்து தலைகீழாகப் பின்பக்கம் உருண்டுகொண்டே நேராகப் போகும். தூரம் குறைவு, ஆனால் பிடிப்பவர் நெஞ்சுக்கு நேராக வரும். பந்தை யாருக்கு அனுப்புகிறோம் என்பது எவ்வளவு தூரம் அனுப்புகிறோம் என்பதைவிட முக்கியமானபோது மற்ற உதைகள் ஒதுங்கிவிட்டன. உங்கள் மகன் பந்தை விடும் கையைக் கவனியுங்கள். உதையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: 1970 கிராண்ட் ஃபைனலில்தான் நவீன ஃபுட்டி பிறந்தது என்கிறார்களே, அவ்வளவு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். ஆனால் பிறந்தது அதற்கு முன்பே. 1962-இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஜீலாங் அணிக்கு வந்த கிரஹாம் ஃபார்மர், எல்லோரும் 'பாலி' என்று அழைத்த ரக்மேன், ஹேண்ட்பாலின் வேலையையே மாற்றினார். அதுவரை ஹேண்ட்பால் மாட்டிக்கொண்டவன் தப்பிக்கும் வழி. ஃபார்மர் பந்தைப் பிடித்துத் தரையிறங்குவதற்குள்ளேயே, ஓடி வரும் தோழனுக்கு முன்னால் குத்தி அனுப்புவார். கார் ஜன்னலுக்குள் பந்தைக் குத்திப் பழகியவர் அவர்.

கிராண்ட் ஃபைனல் என்பது சீசனின் சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம். 1970 செப்டம்பர், மெல்பர்ன் கிரிக்கெட் கிரவுண்ட், 1,21,696 பேர் கூட்டம். பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 44 புள்ளி முன்னிலை. கார்ல்டன் பயிற்சியாளர் ரான் பராசி தன் ஆட்களிடம் ஹேண்ட்பால் போடுங்கள், நிற்காமல் ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸை இறக்கினார். அவர் நான்கு கோல் அடித்தார். கார்ல்டன் 111, காலிங்வுட் 101.

ஒரு ஹேண்ட்பால் எதிராளி ஒருவரைத் தாண்டுகிறது. தாண்டப்பட்டவர் திரும்பி ஓடுவதற்குள், பந்து வாங்கியவருக்கு முன்னால் காலி இடம். தன் ஆளைவிட்டு நகராத பழைய முறைக்கு இதற்கு மருந்து இல்லை. அன்றைய பின்பாதி அதைத்தான் அத்தனை பேர் கண்ணெதிரே காட்டியது.

கேள்வி: அப்படியானால் இப்போது ஏன் பந்தைச் சுற்றி ஊரே கூடி நிற்கிறது, அண்ணா? பார்க்கவே மூச்சு முட்டுகிறது.

தம்பி, 1978-இல் இன்டர்சேஞ்ச் வந்தது. வெளியே போனவர் இளைப்பாறி மறுபடி உள்ளே வரலாம். முதலில் இருவர், 1994-இல் மூவர், 1998-இல் நால்வர். பல ஆண்டுகள் இதைக் காயத்துக்கான வசதியாகவே பயன்படுத்தினார்கள். இதை எரிபொருளாக்கலாம் என்று பயிற்சியாளர்கள் கண்டுகொண்டபோது ஆட்டம் மாறியது. 2013 வாக்கில் ஒரு அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 130 முறைக்கு மேல் ஆள் மாற்றியது.

களைக்காத கால்கள் கிடைத்தால், ஆஃப்சைடும் இல்லையென்றால், எல்லோரையும் பின்னால் இழுத்துக் கோட்டையை அடைக்கலாமே. 2000-ஆம் ஆண்டு எசென்டன் தொடர்ந்து 20 ஆட்டம் வென்றிருந்தது. 21-ஆவது சுற்றில் பயிற்சியாளர் டெரி வாலஸின் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் பின்பகுதியை ஆட்களால் நிரப்பி அந்த அணியைத் தோற்கடித்தது. அந்த ஆண்டு எசென்டனின் ஒரே தோல்வி அது. இதை ஃபிளட் என்றார்கள்.

ஃபிளட் தற்காப்பு மட்டும். அடுத்து வந்தது அதைவிடக் கூர்மை. 2008-இல் அலஸ்டர் கிளார்க்சனின் ஹாதோர்ன் அணி ஆளைக் காக்காமல் இடத்தைக் காத்தது. பந்து நகர நகர ஆட்களால் ஆன வலை முழுவதும் சேர்ந்து நகரும். அதுவரை அந்த சீசனில் ஒரே ஒரு ஆட்டம் தோற்றிருந்த ஜீலாங்கை கிராண்ட் ஃபைனலில் 26 புள்ளியில் வென்றது. 2010-இல் மிக் மால்ட்ஹவுஸின் காலிங்வுட் அதே வலையை எதிரணியின் கோல் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அது பிரஸ். பந்தை வெளியே எடுக்கவே விடாமல், எடுத்தால் பிடுங்கி, அங்கிருந்தே கோல்.

நீங்கள் பார்க்கும் நெரிசல் இதுதான். இதில் அழகு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 18 பேர் ஒரே நினைப்பில் நகர்வது பெரிய உழைப்பு. ஆனால் இருவர் மட்டும் நின்று தீர்த்துக்கொள்ளும் மோதல் குறைந்தது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: விதிகளை மாற்றிச் சரி செய்யவில்லையா?

செய்துகொண்டே இருக்கிறார்கள். இன்டர்சேஞ்சுக்கு 2014-இல் 120 என்று வரம்பு, 2016-இல் 90, 2021-இல் 75. 2019-இல் 6-6-6 விதி வந்தது: நடுவில் ஆட்டம் தொடங்கும்போது இரு முனையிலும் கோலுக்கு முன் வரைந்திருக்கும் வளைவுக்குள் ஒவ்வொரு அணியும் ஆறாறு பேரை நிறுத்த வேண்டும். 2021-இலிருந்து, மார்க் பிடித்தவருக்கு எதிரே நிற்பவர் பக்கவாட்டில் அசையக் கூடாது; அதனால் உதைப்பவருக்குக் கோணம் திறக்கிறது.

என் கணிப்பில் மூன்றில் கடைசியானதுதான் கண்ணுக்குத் தெரிந்து வேலை செய்கிறது. 6-6-6 நடுப்பந்துக்கு அடுத்த சில நொடிகளுக்கு மட்டும் இடம் தருகிறது. பிறகு பழைய கூட்டம் திரும்பிவிடும். வரம்பைக் குறைத்தபோது பயிற்சியாளர்கள் இன்னும் அதிகம் ஓடக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கேள்வி: ஒரு சீசனில் 100 கோல் அடிப்பவர் இனி வருவாரா?

கடினம். 1934-இல் பாப் பிராட் 150 அடித்தார், 1971-இல் பீட்டர் ஹட்சன் அதே 150. 1993-இல்கூட மூத்த கேரி ஏப்ளெட் நூறைத் தாண்டினார். கடைசியாக நூறைத் தொட்டவர் லான்ஸ் ஃபிராங்க்ளின், 2008-இல் 113. எதிரணிக் கோலுக்கு முன் நிற்கும் ஃபுல் ஃபார்வர்டுக்கு வரும் பந்தைத் தட்டிவிட இப்போது மூன்றாவது ஆள் எங்கிருந்தோ வந்துவிடுகிறார். அணிகளும் ஐந்தாறு பேருக்குக் கோலைப் பங்கிட விரும்புகின்றன, ஒருவரை அடக்கினால் கதை முடியக் கூடாது என்று.

கேள்வி: பெண்கள் லீக்கில் நெரிசல் குறைவாக இருக்கிறதா?

அங்கே களத்தில் 16 பேர்தான். 2017-இல் தொடங்கிய லீக், ஆண்டுக்கு ஆண்டு உதையும் வேகமும் கூடிவருகிறது. தொடர்ந்து பாருங்கள்.

கேள்வி: இந்த மாற்றத்தை நேரில் பார்த்துப் புரிந்துகொள்ள எந்த ஆட்டங்களைப் பார்க்கலாம்?

நேரம் குறைவென்றால் இரண்டு போதும், இரண்டுமே கிராண்ட் ஃபைனல். 1989: ஹாதோர்ன் 144, ஜீலாங் 138. ஏப்ளெட் ஒருவரே ஒன்பது கோல் அடித்தும் அவர் அணி தோற்றது. 2005: சிட்னி 58, வெஸ்ட் கோஸ்ட் 54. கடைசி நொடிகளில் சிட்னியின் லியோ பாரி கூட்டத்துக்கு நடுவே பாய்ந்து பிடித்த மார்க்தான் ஆட்டத்தைக் காப்பாற்றியது. 1989-இல் இரு அணியும் சேர்ந்து 282, 2005-இல் 112. இரண்டிலும் கடைசிவரை நெஞ்சு படபடக்கும்.

பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, மறுமுனையில் தன் கோலைக் காத்து நிற்கும் ஃபுல் பேக்கைத் தேடுங்கள். 1989-இல் அவர் தன் ஆளோடு நிற்பார். 2005-இல் ஒரு உதை உயரப் போனால் அது கீழே வருவதற்குள் யார் யார் எங்கிருந்து ஓடி வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கேள்வி இருந்தால் எழுதுங்கள்.