கிளினிக் அகப்பக்கத்தில் ஆன்லைன் முன்பதிவு: எந்த சிஸ்டத்தை வாங்குவது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் என் அக்காவும் அத்தானும் கிளினிக் நடத்துகிறார்கள். இருவருமே டாக்டர்கள். அகப்பக்கம், கணக்கு வழக்கு எல்லாம் என் பொறுப்பு. இப்போது அப்பாய்ண்ட்மெண்ட் முழுக்க போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான். கவுண்டரில் இருக்கும் பிள்ளைகள் பதில் சொல்லியே களைத்துப் போகிறார்கள். ஆன்லைன் முன்பதிவு போடலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு சிஸ்டத்தைச் சொல்கிறார்கள். இலவசமும் இருக்கிறது, மாதம் சில நூறு ரிங்கிட்டும் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: எந்த சிஸ்டம் என்று பார்ப்பதற்கு முன்னால், இப்போது உங்கள் கவுண்டரில் எத்தனை டைரி ஓடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான கிளினிக்குகளில் மூன்று இருக்கும். மேசையில் ஒரு நோட்டு, வாட்ஸ்அப்பில் சிதறிக் கிடக்கும் உரையாடல்கள், அப்புறம் டாக்டர் தெரிந்தவர்களுக்குத் தன் சொந்த போனில் கொடுத்த நேரங்கள். இதன் மேல் ஆன்லைன் முன்பதிவு வந்தால் அது நான்காவது டைரி. காலை 10.30-க்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள், இருவரிடமும் ஆதாரம் இருக்கும்.

ஆகவே நீங்கள் வாங்கப் போவது அகப்பக்கத்தில் ஒட்டும் ஒரு பொத்தானை அல்ல, கவுண்டரின் ஒரே டைரியை. போனில் கேட்டவருக்கும், நேரில் வந்து அடுத்த வாரம் கேட்டவருக்கும், டாக்டரே சொன்னவருக்கும் அதே திரையில்தான் நேரம் போட வேண்டும். கவுண்டரில் இருப்பவர் பத்து விநாடியில் ஒரு பதிவைப் போட முடியாத சிஸ்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஒரே மாதத்தில் நோட்டு திரும்பி வந்துவிடும்.

இந்தக் காரணத்துக்காகவே, முதலில் நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் கிளினிக் மென்பொருளின் விற்பனையாளரிடம் பேசுங்கள். நோயாளி பதிவு, மருந்து இருப்பு, ஊழியர்களின் சிகிச்சைச் செலவை ஏற்கும் பேனல் கம்பெனிகளிடம் அனுப்பும் கோரிக்கை எல்லாம் அதில்தான் இருக்கும். பல மென்பொருள்களில் அப்பாய்ண்ட்மெண்ட் பகுதி இருந்தும் யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதிலேயே நோயாளிகள் பதியும் ஆன்லைன் பக்கம் இருந்தால், பார்க்கச் சுமாராக இருந்தாலும் அதைத்தான் நான் எடுப்பேன். பதிவு நேராக நோயாளியின் கோப்பில் போய் உட்காருவது பெரிய வசதி.

அது இல்லை என்றால் கேலண்ட்லி, செட்மோர், சிம்ப்ளிபுக் போன்ற பொதுவான சேவைகள் இருக்கின்றன. இவை கிளினிக்குக்கென்று பிறந்தவை அல்ல, முடிதிருத்தும் கடைக்கும் டியூஷன் வகுப்புக்கும் இவைதான். ஒரு நாளைக்கு எட்டு, பத்து முன்பதிவு என்றால் தாராளமாகப் போதும். நாற்பது என்றால், ஒவ்வொருவரையும் கவுண்டரில் இரண்டாம் முறை தட்டச்ச வேண்டியிருக்கும், அது தாங்காது. வேர்ட்பிரஸில் அகப்பக்கம் வைத்திருப்பவர்கள் அமேலியா, புக்லி போன்ற செருகுநிரல்களை (அகப்பக்கத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) போடுவதும் உண்டு. அதில் நோயாளிகளின் தகவல் அகப்பக்கம் இருக்கும் உங்கள் சொந்த ஹோஸ்டிங்கில் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதைப் பாதுகாக்கும் வேலையும் உங்களுடையதாகிவிடும். மாதாமாதம் புதுப்பிக்க ஆள் இல்லை என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது, எதையெல்லாம் ஆன்லைனில் திறப்பது. குடும்ப மருத்துவரின் கிளினிக் என்பது அடிப்படையில் நேராக நடந்து வருபவர்களுக்கான இடம். காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கி வருகிறவர் நேரம் குறித்துக்கொண்டு வர மாட்டார். ஆகவே எல்லா நேரத்தையும் முன்பதிவுக்குக் கொடுத்துவிட்டால் கவுண்டரில் சண்டைதான் மிஞ்சும். கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன், குழந்தைத் தடுப்பூசி, முழு உடல் பரிசோதனை, சர்க்கரை, ரத்த அழுத்தத் தொடர் சிகிச்சை ஆகியவற்றை மட்டும் ஆன்லைனில் வைத்துத் தொடங்குங்கள். முன்கூட்டியே தெரிந்து வருகிறவர்கள் இவர்கள்தான். ஒரு டாக்டருக்கு ஒரு மணி நேரத்தில் நான்கு இடம் இருந்தால் இரண்டைத் திறங்கள், மீதி வரிசைக்கு. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி நேர அளவும் தனித்தனிக் குறிப்பும் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஸ்கேனுக்கு அரை மணி, தடுப்பூசிக்குப் பத்து நிமிடம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டியவருக்கு அந்தக் குறிப்பு பதிவு செய்த உடனேயே போக வேண்டும். உங்கள் கிளினிக் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் மருத்துவப் பரிசோதனைக்கான ஃபோமிமா பேனலில் இருந்தால், ஒரே முதலாளி பல தொழிலாளர்களைச் சேர்த்து அழைத்து வருவார். அதற்குக் குழுவாகப் பதியும் வசதி வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சேவையை ஆன்லைனில் காட்டாமல் விடுங்கள்.

லோக்கம் டாக்டர், அதாவது தற்காலிக மாற்று டாக்டர், உட்காரும் நாட்களையும் மறக்க வேண்டாம். அக்காவின் பெயரில் ஸ்கேனுக்குப் பதிந்துவிட்டு வந்தவர் லோக்கம் டாக்டரைப் பார்த்தால் முகம் மாறும். டாக்டர் வாரியாக நேரத்தைத் திறக்கவும் ஒரே தட்டில் மூடவும் வழி இருக்க வேண்டும். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதுவே தீர்வு.

இனி, விற்பனையாளர்கள் டெமோவில் காட்டாத இடத்துக்கு வருவோம். பதிவுப் படிவம். வெளிநாட்டு சிஸ்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

முதலில் பெயர். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கட்டாயமாக இருந்தால் நம் ஆட்கள் அப்பா பெயரை எங்கே போடுவது என்று முழிப்பார்கள். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதில் வரும் சாய்கோட்டை ஏற்காமல் பிழை காட்டும் படிவங்களும் உண்டு. மைகார்டில் இருப்பதுபோல் முழுப் பெயர் எழுத ஒரே கட்டம் போதும். அடுத்து தொலைபேசி எண். நம் நாட்டில் கைத்தொலைபேசி எண்கள் பொதுவாகப் பத்து இலக்கம், 011-இல் தொடங்குபவை பதினொன்று. பத்தோடு நிறுத்திவிடும் படிவத்தில் 011 வைத்திருப்பவர் பதியவே முடியாது, ஏன் என்றும் அவருக்குத் தெரியாது. உங்கள் போனில் 011 எண் ஒன்றைப் போட்டு நீங்களே சோதித்துவிடுங்கள்.

மின்னஞ்சல் கட்டாயம் என்றால் அதை நீக்க முடியுமா என்று கேளுங்கள். அம்மா அப்பாவுக்காகப் பிள்ளைகள்தான் பதிவார்கள், ஒரே எண்ணில் தாத்தா, பாட்டி, இரண்டு குழந்தைகள் என்று நான்கு நோயாளிகள் வருவார்கள். சில சிஸ்டங்கள் ஓர் எண்ணை ஒரே ஆளாக எடுத்துக்கொண்டு, பாட்டியின் பெயர் மேல் பேரனின் பெயரை எழுதிவிடும். கிளினிக்கில் இது சாதாரணக் குழப்பம் அல்ல, மருந்து மாறிப் போகும் அளவுக்கு ஆபத்து. இதைச் சோதிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நேர மண்டலத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றிப் பூட்டுங்கள். பினாங்குத் தீவில் உள்ள ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குகளுக்கு இந்தோனேசியாவின் மேடானிலிருந்து நோயாளிகள் வருவது வழக்கம். அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரம். பார்ப்பவரின் ஊர் நேரத்தைத் தானாகக் காட்டும் சிஸ்டத்தில் நம் 9 மணி அவருக்கு 8 என்று தெரியும். அவர் அதை எழுதி வைத்துக்கொண்டு இங்கே வந்து இறங்கிய பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கும். விடுமுறைப் பட்டியலையும் சிஸ்டத்தை நம்பி விடாமல் கையால் போடுங்கள். தைப்பூசம் உங்களுக்கு உண்டு, எல்லா மாநிலத்துக்கும் இல்லை. நோன்புப் பெருநாள் பிறையைப் பொறுத்தது. இன்னொன்று, சுங்கைப் பட்டாணி, கூலிம் பக்கமிருந்து உங்களுக்கு நோயாளிகள் வந்தால், கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை நினைவில் வையுங்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை காலை வசதி. அன்று கொஞ்சம் கூடுதலாக இடம் திறக்கலாம்.

'வருகைக்கான காரணம்' என்று பெரிய காலிக் கட்டம் வைக்க வேண்டாம். அதில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுதிவிட்டு, டாக்டர் படித்துவிட்டார் என்ற நம்பிக்கையில் ஒருவர் நாளைக்குக் காத்திருப்பார். சேவைகளைத் தேர்வு செய்யும் பட்டியல் போதும். அதற்கு மேலே, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் முன்பதிவு செய்யாமல் 999-ஐ அழைக்கவும் என்று ஒரு வரி, தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று நான்கிலும் இருக்கட்டும்.

நினைவூட்டல் செய்திக்கு இங்கே இரண்டு வழி. எஸ்.எம்.எஸ். என்றால் ஒரு தடை உண்டு. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் உத்தரவுப்படி 2024 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களில் இணைய இணைப்பு வைக்கக்கூடாது. ஆகவே 'ரத்து செய்ய இங்கே தட்டவும்' என்ற வெளிநாட்டு சிஸ்டத்தின் வசதி இங்கே பயன்படாது. வாட்ஸ்அப் வழிதான் நம் மக்களுக்குப் பழக்கம். ஆனால் தானாகச் செய்தி போக வேண்டுமானால் வாட்ஸ்அப்பின் அதிகாரபூர்வ வணிகத் தளம் வழியாக, மெட்டா முன்கூட்டியே அங்கீகரித்த வாசகங்களில் அனுப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. 'அதெல்லாம் தேவையில்லை, உங்கள் போனை ஸ்கேன் செய்தால் போதும், எல்லாம் இலவசம்' என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அப்படி அனுப்பும் எண்ணை வாட்ஸ்அப் முடக்கிவிடலாம், உங்கள் பழைய நோயாளிகள் அத்தனை பேரிடமும் இருப்பது அந்த எண்தான்.

செய்தியில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். குடும்பத்தில் போன் கை மாறும். 'நாளை காலை 10 மணிக்கு உங்கள் அப்பாய்ண்ட்மெண்ட்' என்பது போதும், எந்தப் பரிசோதனைக்கு என்று எழுத வேண்டியதில்லை.

இது வெறும் நாகரிகம் மட்டும் அல்ல. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் என்பது உணர்வுக்குரிய தகவல், அதற்குப் பொதுவாக நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். 2024-இல் வந்த திருத்தத்தால் அபராதத்தின் உச்சவரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. தகவல் கசிந்து அதனால் பெரிய பாதிப்பு நேரும் என்றால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். 10,000-க்கு மேற்பட்டவர்களின் உணர்வுக்குரிய தகவலை வைத்திருப்பவர்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்கவும் வேண்டும். பல வருடமாக ஓடும் கிளினிக்கில் பழைய கோப்புகளைச் சேர்த்து எண்ணினால் அந்த அளவைத் தாண்டுவது ஒன்றும் அதிசயம் இல்லை.

விற்பனையாளரிடம் இதை எழுத்தில் கேளுங்கள்: தகவல் எந்த நாட்டில் இருக்கிறது, யார் பார்க்க முடியும், கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள். 'நாங்கள் ஹிப்பா தரத்தில் இருக்கிறோம்' என்று பதில் வந்தால், அது நோயாளித் தகவல் பற்றிய அமெரிக்கச் சட்டம். நல்ல அறிகுறிதான், ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அல்ல. மைகார்டு எண்ணை ஆன்லைன் படிவத்தில் கேட்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கவுண்டரில் கார்டைப் பார்த்துத்தான் பதியப் போகிறீர்கள், முன்கூட்டி வாங்கி வைத்து என்ன ஆகப் போகிறது? முன்பதிவுப் பக்கத்தில் ஃபேஸ்புக் விளம்பரக் கண்காணிப்பு நிரல் ஏதும் ஓடுகிறதா என்றும் அகப்பக்கம் செய்து கொடுத்தவரிடம் கேளுங்கள். எந்தச் சேவைப் பக்கத்தை யார் திறந்தார் என்பது அது வழியாக வெளியே போகும். ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களிடம் விளம்பரத்துக்காக வாடிக்கையாளர் தகவலைப் பகிர்ந்ததற்கு அமெரிக்காவில் ஆன்லைன் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

விலை விஷயம் சுருக்கமாக. டாக்டர் ஒருவருக்கு இவ்வளவு என்று டாலரில் சொல்வார்கள். அதோடு வாட்ஸ்அப் செய்திக் கட்டணம், வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கான 8 விழுக்காடு சேவை வரி எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு என்று ரிங்கிட்டில் கணக்குப் போடுங்கள். முன்பணம் வாங்குவது ஸ்கேன் போன்ற நீண்ட நேரச் சேவைகளுக்குச் சரி. அதற்கு வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் எஃப்.பி.எக்ஸ். அல்லது டூயிட்நவ் வேண்டும், கிரெடிட் கார்டு மட்டும் எடுக்கும் சிஸ்டம் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒத்துவராது. சாதாரண ஆலோசனைக்கு முன்பணம் கேட்காதீர்கள், பக்கத்து கிளினிக்குக்குப் போய்விடுவார்கள்.

நீங்கள் எடுக்கும் சிஸ்டத்திலிருந்து எல்லாப் பதிவுகளையும் எக்செல் கோப்பாக நீங்களே இறக்கிக்கொள்ள முடிய வேண்டும், விற்பனையாளரிடம் கேட்டு வாங்கும்படி இருக்கக் கூடாது. ஆண்டு ஒப்பந்தத்துக்கு முன் ஒரு மாதம் சோதனையாக ஓட்டுங்கள். அத்தானின் ஸ்கேன் நேரத்தை மட்டும் திறந்து, நோட்டை எடுத்துப் பூட்டிவிட்டு. அந்த மாதம் எத்தனை பேர் ஆன்லைனில் பதிந்தார்கள் என்பதைவிட, பதிந்தவர்களில் எத்தனை பேர் 'பதிவாகிவிட்டதா?' என்று மறுபடி வாட்ஸ்அப்பில் கேட்டார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். பாதிப் பேர் கேட்டால் உறுதிப்படுத்தும் செய்தி போய்ச் சேரவில்லை, அல்லது புரியும்படி இல்லை.

சோதனை முடிந்து திருப்தி என்றால் அந்த இணைப்பை அகப்பக்கத்தின் முதல் திரையிலும், கூகுள் மேப்ஸில் உங்கள் கிளினிக் பக்கத்தில் அப்பாய்ண்ட்மெண்ட் இணைப்புக்கென்று உள்ள இடத்திலும், வாட்ஸ்அப்பின் தானியங்கி வரவேற்புச் செய்தியிலும் போடுங்கள்.