ஒரு ஸ்டாக்கில் இரண்டு குடித்தனம்

கேள்வி: ஒரு ஃபோல்டரில் சுமார் 90,000 லாக் ஃபைல்கள் சேர்ந்துவிட்டன. அவற்றை அழிக்க லினக்ஸில் 'ஆர்எம் *.லாக்' என்று அடித்தால் 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று சொல்லிவிட்டு ஒன்றைக்கூட அழிக்காமல் நிற்கிறது. அதே இடத்தில் 'எக்கோ *.லாக்' அடித்தால் எல்லாப் பெயர்களையும் கொட்டுகிறது. ஆர்எம்மில் ஏதாவது கோளாறா?

பதில்: ஆர்எம் மேல் பழி போடாதீர்கள், பாவம். அது ஓடவே ஆரம்பிக்கவில்லை.

நீங்கள் போட்ட நட்சத்திரத்தை ஆர்எம் பார்ப்பதே இல்லை. நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல்தான் ஃபோல்டரைப் புரட்டி, நட்சத்திரம் இருந்த இடத்தில் 90,000 பெயர்களையும் எழுதி வைக்கிறது. பிறகு 'எக்ஸெக்வீ' என்ற அழைப்பின் மூலம் இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் "இந்தப் பெயர்களோடு ஆர்எம்மைக் கிளப்பு" என்கிறது. கர்னல் புதிய புரோகிராமுக்காக ஒரு முகவரி வெளியை (அது பயன்படுத்தும் மெமரிப் பரப்பை) உருவாக்கி, அதன் உச்சியில், ஃபங்ஷன்களின் தற்காலிக விவரங்கள் தங்கும் ஸ்டாக்குக்கு இடம் ஒதுக்குகிறது. அந்த ஸ்டாக்கில்தான் உங்கள் ஆர்க்யுமென்ட்கள், அதாவது கட்டளையோடு கொடுத்த பெயர்கள், குடியேறுகின்றன. மேலிருந்து கீழாக முதலில் புரோகிராமின் பெயர், அடுத்து என்விரான்மென்ட் சரங்கள் (புரோகிராமுக்குக் கூடவே கொடுத்தனுப்பும் அமைப்பு மாறிகள்), அதற்கும் கீழே ஆர்க்யுமென்ட் சரங்கள் நகலாகின்றன. ஆர்க்யுமென்ட்களுக்கென்று கர்னலில் தனி அலமாரி கிடையாது. புரோகிராமின் லோக்கல் மாறிகள் வாழப்போகும் அதே ஸ்டாக்கில்தான் இவையும் இருந்தாக வேண்டும்.

அதனால் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஸ்டாக்கின் உச்சவரம்பில் கால் பங்குக்கு மேல் ஆர்க்யுமென்ட்டும் என்விரான்மென்ட்டும் சேர்ந்து போகக் கூடாது. பெரும்பாலான லினக்ஸ் மெஷின்களில் ஸ்டாக் 8 எம்பி, கால் பங்கு 2 எம்பி, அதாவது 20,97,152 பைட். உங்கள் ஃபைல் பெயர் ஒவ்வொன்றும் 24 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். முடிவில் வரும் பூஜ்ய பைட்டோடு 25. அந்தப் பெயரைச் சுட்டும் பாயின்டருக்கு 8. மொத்தம் 33. 90,000 ஃபைலுக்கு 29,70,000 பைட் ஆகிறது. சுமார் 63,000 பெயர்களிலேயே இடம் தீர்ந்துவிடும். கர்னல் நகலெடுப்பதை நிறுத்திவிட்டு ஷெல்லிடம் பிழையைத் திருப்பித் தருகிறது. இந்தக் கட்டத்தில் பழைய முகவரி வெளியை அது இன்னும் கலைக்கவில்லை. அதனால்தான் பிழைச் செய்தி அடிக்க ஷெல் பக்கம் ஆள் மிஞ்சியிருக்கிறது.

எக்கோவின் கதை வேறு. அது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. புதிய புரோகிராம் கிளம்புவதில்லை, எக்ஸெக்வீ கிடையாது, வரம்பும் கிடையாது. சந்தேகமிருந்தால் '/பின்/எக்கோ *.லாக்' என்று முழுப் பாதையோடு அடித்துப் பாருங்கள், அதே பிழை வரும்.

இந்த வரம்புக்கு ஒரு பழங்கதை உண்டு. 1975இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் எல்லா ஆர்க்யுமென்ட்டும் 512 பைட் கொண்ட ஒரே ஒரு டிஸ்க் பஃபரில் அடங்க வேண்டும். லினக்ஸிலும் நெடுங்காலம் 32 பக்கங்கள் (கர்னல் மெமரியைப் பங்கிடும் துண்டுகள்), அதாவது 128 கேபி என்று கர்னலுக்குள் கெட்டியாக எழுதி வைத்திருந்தார்கள். 2007இல் வந்த 2.6.23 கர்னலில்தான் இந்தக் கால் பங்கு கணக்கு வந்தது.

சரி, வழி என்ன? 'ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -நேம் "*.லாக்" -டெலீட்' போதும். ஃபைண்ட் தானே ஃபோல்டரைப் படிப்பதால் பெயர்கள் ஸ்டாக் வழியாகப் போகத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: -டெலீட் கடைசியில்தான் வர வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே செயல்படும். ஒரு நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் -டெலீட்டை முதலில் போட்டேன். பெயரைச் சரிபார்ப்பதற்கு முன்பே அழித்துக்கொண்டு போய்விட்டது. லாக் ஃபைலோடு கான்ஃபிக் ஃபைலும் போச்சு. விடியும்வரை பேக்கப்போடு மல்லுக்கட்டினேன்.

கேள்வி: ஸ்டாக்கின் உச்சவரம்பை நீக்கும் 'யுலிமிட் -எஸ் அன்லிமிட்டட்' போட்டால் ஆர்க்யுமென்ட் வரம்பும் போய்விடுமா?

பதில்: போகாது, 6 எம்பியில் நிற்கும். எல்லையில்லாததில் கால் பங்கும் எல்லையில்லாததுதானே என்று கேட்பீர்கள். அந்த ஓட்டையை 2017இல் அடைத்துவிட்டார்கள். வழக்கமான 8 எம்பி ஸ்டாக்கில் முக்கால் பங்கைத் தாண்ட இப்போது யாருக்கும் அனுமதி இல்லை.

கேள்வி: என் ஸ்கிரிப்ட் 150 கேபி ஜேசான் தரவு ஒன்றை ஒரே ஆர்க்யுமென்ட்டாக அனுப்புகிறது. 2 எம்பி வரம்பு என்கிறார்கள், எனக்கு 150 கேபிக்கே அதே பிழை வருகிறதே?

பதில்: மொத்தத்துக்கு ஒரு வரம்பு, தனித்தனிச் சரத்துக்கு இன்னொரு வரம்பு. ஒரு சரம் 32 பக்கத்தைத் தாண்டக் கூடாது. 4 கேபி பக்கம் என்றால் 1,31,072 பைட். யுலிமிட்டை எவ்வளவு முறுக்கினாலும் இது அசையாது. புரோகிராம் தானே படித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் இன்புட் வழியாக அனுப்புங்கள். 150 கேபியைக் கட்டளை வரியில் திணிப்பது எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

கேள்வி: சி மொழியில் மெயினுக்குள் 'இன்ட் ஏ[3000000]' என்று அறிவித்தேன். முதல் வரியில் இருக்கும் பிரின்ட்எஃப்கூட ஓடாமல் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' வருகிறது. அந்த அர்ரேயை நான் இன்னும் தொடவே இல்லை!

பதில்: நீங்கள் தொடவில்லை, பிரின்ட்எஃப் தொட்டுவிட்டது. 30 லட்சம் இன்ட் என்றால் 1 கோடியே 20 லட்சம் பைட். ஃபங்ஷனுக்குள் நுழையும்போதே கம்பைலர் ஸ்டாக் பாயின்டரை (ஸ்டாக் எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் குறியை) அவ்வளவு தூரம் கீழே இறக்கிவிடுகிறது. அர்ரேயை எந்த வரியில் அறிவித்தீர்கள் என்பது பொருட்டில்லை. அடுத்து பிரின்ட்எஃப்பை அழைக்கும்போது, திரும்பி வர வேண்டிய முகவரியை அந்தப் பாதாளத்தில் எழுத வேண்டும். அங்கே பக்கம் எதுவும் இல்லாததால் பேஜ் ஃபால்ட் எழுகிறது, கர்னல் வந்து பார்க்கிறது.

பேஜ் ஃபால்ட் வந்ததும் கர்னல் கொன்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். ஸ்டாக் வளர்வதே இப்படித்தான். 8 எம்பி என்பது ஆரம்பத்திலேயே கொடுத்து வைத்த மெமரி இல்லை, அது உச்சவரம்பு மட்டும். புரோகிராம் தொடத் தொட, கர்னல் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போகும். உங்கள் விஷயத்தில் கேட்ட இடம் 8 எம்பிக்கு அப்பால் இருந்தது. அதனால் புரோகிராமை நிறுத்தும் சிக்னலை அனுப்பிவிட்டது. ஸ்டாக்குக்கு வெளியே மெமரி வாங்கித் தரும் 'மேலாக்' பயன்படுத்துங்கள், அல்லது அர்ரேக்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' போடுங்கள்.

ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் த்ரெட்களுக்கு இந்த வளரும் வசதி கிடையாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஸ்டாக்கின் அளவை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள், அதன் அடியில் தொடக் கூடாத காவல் பக்கம் ஒன்று இருக்கும். மெயின் ஸ்டாக்குக்குக் கீழேயும் முன்பு ஒரே ஒரு பக்கம்தான் காவல் இருந்தது. 2017 ஜூனில் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் 'ஸ்டாக் கிளாஷ்' என்ற பெயரில் ஒன்றைக் காட்டினார்கள். உங்களுடையதைப் போன்ற பெரிய அர்ரே அந்த ஒரு பக்கத்தைத் தொடாமலே தாண்டிக் குதித்து, பக்கத்து மெமரியில் இறங்கிவிட முடியும். அதற்குப் பிறகு காவல் இடைவெளியை 1 எம்பி ஆக்கினார்கள்.

கேள்வி: டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் கொடுக்கிறேன். சர்வரில் வேறு யூசர்களும் இருக்கிறார்கள். ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளையை அடிக்கிற எவருக்கும் தெரியும். கட்டளை வரியைக் காட்டும்படி கேட்டால், கர்னல் அந்தப் புராசஸின் ஸ்டாக்கில் இருக்கும் ஆர்க்யுமென்ட் பகுதியைத்தான் வாசித்துக் கொடுக்கிறது. அதனால் சில புரோகிராம்கள் கிளம்பியதும் தங்கள் ஆர்க்யுமென்ட் மேலேயே எழுதி மறைத்துக்கொள்கின்றன. ஆனால் கிளம்புவதற்கும் மறைப்பதற்கும் நடுவில் ஒரு நொடித்துளி திறந்தே இருக்கிறதே! என்விரான்மென்ட் கொஞ்சம் தேவலை, அதைச் சாதாரணமாக அதே யூசரும், எல்லா உரிமையும் உள்ள ரூட்டும்தான் பார்க்கலாம். பெர்மிஷனை இறுக்கிய கான்ஃபிக் ஃபைல் இதைவிட நல்லது.

கேள்வி: சி புரோகிராமில் ஆர்க்யுமென்ட்களின் எண்ணிக்கையைச் சொல்லும் ஆர்ஜிசி எப்போதும் குறைந்தது 1 இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்புறம் ஏன் சிலர் அதையும் சோதிக்கிறார்கள்?

பதில்: ஆர்க்யுமென்ட்களின் பட்டியலான ஆர்ஜிவியில் முதலாவதாகப் புரோகிராமின் பெயர் வருவது வெறும் வழக்கம். அதை வைப்பது அழைக்கிறவர், கர்னல் இல்லை. அழைக்கிறவர் காலிப் பட்டியலைக் கொடுத்தால் ஆர்ஜிசி பூஜ்யம்.

இதில் என்ன கெட்டுப்போகும்? ஸ்டாக்கில் ஆர்ஜிசி, அதற்கு மேல் ஆர்ஜிவி பாயின்டர்கள், பிறகு ஒரு பூஜ்யம், அதை ஒட்டி என்விரான்மென்ட் பாயின்டர்கள் என்று வரிசையாக இருக்கும், நடுவில் சுவர் கிடையாது. ஆர்ஜிவி காலியென்றால் ஆர்ஜிவி[0] இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பூஜ்யம். ஆர்ஜிவி[1] என்று நினைத்துக் கைவைக்கும் இடத்தில் முதல் என்விரான்மென்ட் மாறி. ரூட் உரிமையோடு ஓடும் 'பிகேஎக்ஸெக்' என்ற கட்டளை இதைத்தான் செய்தது. ஆர்ஜிசியைப் பார்க்காமல் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தது. அங்கிருந்த சரத்தைக் கட்டளையின் பெயராக எண்ணி, அதன் முழுப் பாதையைக் கண்டுபிடித்து, அதே இடத்தில் திருப்பி எழுதியது. ஆபத்தானவை என்று முதலிலேயே களையப்பட்ட என்விரான்மென்ட் மாறி ஒன்றை இந்த வழியில் உள்ளே புகுத்தி, சாதாரண யூசர் ரூட் ஆகிவிடலாம். 2009 முதல் இருந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தது, 'பிவ்ன்கிட்' என்ற பெயரில்.

லினக்ஸ் 5.18 முதல், யாராவது காலிப் பட்டியல் கொடுத்தால் கர்னலே ஒரு வெற்றுச் சரத்தை வைத்து ஆர்ஜிசியை 1 ஆக்கிவிடுகிறது. அதற்கு முந்தைய கர்னல்கள் இன்னும் எத்தனையோ மெஷின்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் நீங்களும் ஒரு 'இஃப்' போட்டுவிட்டு ஆர்ஜிவி[1]ஐத் தொடுங்கள்.