‘கொஞ்சம் நடப்பேன்’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: எனக்கு 58 வயது. சிறு வயதில் வந்த போலியோவால் வலது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டிருக்கிறேன். வீட்டுக்குள் கைத்தடியோடு நாலடி நடப்பேன், வெளியே என்றால் வீல்சேர்தான். மகன் எங்கள் எல்லோருக்கும் சொகுசுக் கப்பலில் ஏழு நாள் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். படிவத்தில் ஊனம் பற்றிக் கேட்ட இடத்தைக் காலியாக விட்டுவிட்டான். “சொன்னா வேண்டாம்னுடுவாங்கம்மா, அன்னிக்கு அங்கேயே ஒரு வீல்சேர் கேட்டுக்கலாம்” என்கிறான். ஏறும்போது என்னை ஆட்கள் தூக்கிக்கொண்டு போவார்களோ என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. நான் வராமலே இருந்துவிடட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் அந்தக் காலி இடத்தை இந்த வாரமே நிரப்பச் சொல்லுங்கள்.

மகன் உங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் அப்படிச் செய்திருக்கிறார், எனக்குப் புரிகிறது. நானும் வீல்சேரில் போகிறவள்தான், முதல் கப்பல் பயணத்தில் அதே பயத்தில் ‘கொஞ்சம் நடப்பேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். சாதாரண கேபின் கிடைத்தது. பல கப்பல்களில் சாதாரண கேபின் கதவு 60 செ.மீ.யை ஒட்டித்தான் இருக்கும், வீல்சேரின் அகலமே 62, 65 என்று வரும். என் நாற்காலி உள்ளே நுழையவில்லை. அப்புறம் குளியலறை வாசலில் ஒரு உயரமான விளிம்பு, ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டியே ஐந்து நாளையும் ஓட்டினேன். கதவு அகலமாக, குளியலறைத் தரை சமமாக, பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க மடக்கு இருக்கை என்று நமக்கென்றே கேபின்கள் இருக்கின்றன, ஆனால் சில ஆயிரம் பேர் போகும் கப்பலிலேயே சில டஜன்தான். பல மாதம் முன்பே நிரம்பிவிடும், அதனால்தான் இந்த வாரமே என்கிறேன்.

சொன்னால் மறுத்துவிடுவார்களா? எந்த நாட்டுத் துறைமுகத்தில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010-இல் வந்த விதிப்படி, ஊனம் என்ற ஒரே காரணத்துக்காக டிக்கெட்டை மறுக்கக் கூடாது. பாதுகாப்புச் சட்டமோ கப்பலின், துறைமுகத்தின் அமைப்போ இடம் தராதபோது மட்டும்தான் மறுக்கலாம், அதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் சொகுசுக் கப்பலாக இருந்தாலும் அமெரிக்கக் கடல் எல்லைக்குள் அந்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அதன் உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லிவிட்டது. அதே ஐரோப்பிய விதி நம்மிடமும் ஒன்று கேட்கிறது: தங்குமிடம் பற்றிய தேவையை டிக்கெட் எடுக்கும்போதே சொல்ல வேண்டும், ஏற இறங்க உதவி வேண்டுமென்றால் 48 மணி நேரம் முன்பாவது சொல்ல வேண்டும். மறைத்தால் நம் கையில் இருக்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சொல்வதை எண்ணில் சொல்லுங்கள். சமதளத்தில் எத்தனை அடி நடப்பீர்கள், படி ஏற முடியுமா, வீல்சேரின் அகலம் என்ன, மடித்தால் எவ்வளவு, எடை எத்தனை கிலோ, நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தனியாக மாறிக்கொள்வீர்களா, எல்லாவற்றையும். அங்கே போய் வீல்சேர் கேட்டுக்கலாம் என்பது பாதிதான் சரி. டெர்மினலிலிருந்து கப்பலுக்குள் தள்ளிக்கொண்டு போய் விடுவார்கள், பிறகு அந்த நாற்காலி திரும்பிப் போய்விடும். ஏழு நாளுக்கு உங்கள் நாற்காலிதான் உங்களுக்கு.

இனி உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். பெரிய துறைமுகங்களில் பெரும்பாலும் யாரும் தூக்க மாட்டார்கள், சாய்வான பாலத்தில் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். கேங்வே என்பார்கள். கடல் மட்டம் ஏற இறங்க அந்தச் சாய்வும் மாறும், காலையில் லேசாக இருந்த ஏற்றம் மாலையில் செங்குத்தாக இருக்கலாம். உட்கார்ந்ததும் காலிப்பரின் முழங்கால் பூட்டைத் திறந்து காலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள், நீட்டியபடி இருந்தால் பக்கத்துக் கம்பியில் இடிக்கும். பெல்ட் போடுங்கள். பாலத்தின் தகடுகள் சேரும் இடத்திலும் கப்பல் வாசலிலும் சின்ன முன்சக்கரங்கள் மாட்டிக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் ஆனது, நாற்காலி நின்றுவிட்டது, என் உடம்பு நிற்கவில்லை. தள்ளுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: “அந்த இடம் வந்ததும் பின்னால் சாய்த்து முன்சக்கரத்தைத் தூக்கிக்கோங்க.” இறங்கும்போது உங்கள் முதுகு கீழ்ப்பக்கம் இருக்கும்படி பின்புறமாக இறக்கச் சொல்லுங்கள். இப்படி நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் செய்யும்போது கூச்சம் எங்கே போனது என்றே தெரியாது, என் அனுபவத்தில் சொல்கிறேன்.

சில ஊர்களில் கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை இறக்குவார்கள். அங்கே அலையைப் பார்த்து வீல்சேரை ஏற்ற மறுக்கலாம், ஆட்கள் கைகொடுத்துத் தூக்க வேண்டியும் வரலாம். எந்தெந்த ஊர் அப்படி என்று இப்போதே கேளுங்கள், பிடிக்கவில்லை என்றால் அன்றைக்குக் கப்பலிலேயே இருந்துகொள்ளலாம்.

மகனிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். 2012-இல் கோஸ்டா கான்கார்டியா இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், புதிதாக ஏறிய பயணிகளுக்குக் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ ஆபத்துக்காலப் பயிற்சி தர வேண்டும் என்று விதியையே மாற்றினார்கள். ஆபத்தில் லிஃப்டை நம்ப முடியாது, படியில் இறக்கிவிட ஆள் வர வேண்டும். எந்த கேபினுக்கு வர வேண்டும் என்று அந்த ஆளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? படிவத்தைக் காலியாக விட்டால் எப்படித் தெரியும்?

ஏறும் நாளில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வரப் பல மணி நேரம் ஆகலாம். மருந்தும் காலிப்பருக்கு மாற்று வாரும் கைப்பையில் இருக்கட்டும். சோதனை வாசலில் காலிப்பர் ஒலி எழுப்பும், தனி அறையில் பெண் ஊழியர் சோதிக்கட்டும் என்று கேளுங்கள். கப்பல்காரர்கள் தரும் பதிலை எழுத்தில் வாங்கி அதன் நகலையும் அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் சொன்னது வாசலில் நிற்கிறவருக்குப் போய்ச் சேராமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது, அப்போது எடுத்து நீட்ட அது வேண்டும்.