லினக்ஸ் ஏறும்போது செவப்புல 'ஃபெயில்டு'னு வருதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட அப்டேட் நின்னுடும்னாங்கன்னு கடை லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் போட்டு நல்லா தான் ஓட்டிகினு இருந்தேன். அப்புறம் பையன் ஆசைப்பட்டான்னு அதே ஹார்டுடிஸ்க்ல பக்கத்துலயே டெபியன்ற இன்னொரு லினக்ஸையும் புதுசா போட்டோம். டெபியன் ஜம்முனு வருது, மின்ட்டை எடுத்தா மட்டும் கருப்பு ஸ்கிரீன்ல "ஏ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்"னு ஒரு வரி ஒன்றரை நிமிஷம் ஓடுது, அப்புறம் "டிபென்டன்சி ஃபெயில்டு ஃபார் ஸ்வாப்"னு காட்டிட்டு தான் உள்ள போவுது. மொத்தமா அழிச்சுட்டு மறுபடி போட்டுக்கோன்றாங்க. லுங்கி ஸ்டாக் கணக்கெல்லாம் அதுல தான் கீது. இன்னா பண்றது? (குடியாத்தம் வாசகர்)

பதில்: அழிக்கவே அழிக்காதீங்க. உங்க மின்ட்டுக்கு ஒண்ணும் ஆகல, ஒரே ஒரு ஃபைல்ல ஒரே ஒரு வரி பழசாயிடுச்சு, அவ்ளோதான். இதுக்காக நல்லா ஓடிட்டு இருக்கிற சிஸ்டத்தை அழிச்சு, கணக்கைத் தொலைச்சுட்டு நிக்கிறவங்க எத்தனையோ பேர், அதனால தான் இந்த வாரம் இதுக்கே அதிக இடம் எடுத்துக்குறேன்.

நடந்தது என்னன்னா, மின்ட் போடும்போது ஸ்வாப்புக்குன்னு, அதாவது ரேம் பத்தாதப்போ எடுத்துக்குற இடத்துக்குன்னு, டிஸ்க்ல தனி பார்ட்டிஷன் (தனியா பிரிச்ச பகுதி) விட்டிருப்பீங்க. டெபியன் இன்ஸ்டாலர் அதைப் பார்த்ததும் தனக்கும் அதுதான்னு எடுத்துக்கிட்டு புதுசா ஃபார்மேட் பண்ணிடும். ஃபார்மேட் ஆனா அந்த பார்ட்டிஷனோட யூயூஐடி, அதாவது அதோட அடையாள எண், மாறிடும். டெபியனுக்குப் புது எண் தெரியும், மின்ட்டுக்கு யாரும் சொல்லல. அது தன்னோட எஃப்எஸ்டேப் ஃபைல்ல (ஏறும்போது எந்தெந்த பார்ட்டிஷனை எடுத்துக்கணும்ன்ற பட்டியல்) இருக்கிற பழைய எண்ணையே தேடிட்டு நிக்குது. ஏறும்போது எல்லா வேலையையும் கிளப்பி விடுற சிஸ்டம்டின்ற புரோகிராமோட வழக்கமான பொறுமை 90 செகண்ட், நீங்க பார்த்த ஒன்றரை நிமிஷம் அதுதான்.

முதல்ல கணக்கு ஃபைலை ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வெச்சுடுங்க. அப்புறம் டெர்மினல், அதாவது கமாண்ட் அடிக்கிற விண்டோ, திறந்து (கமாண்டெல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்துல தான் அடிக்கணும்) 'சிஸ்டம்சிடிஎல்'னு சேர்த்து அடிச்சு ஒரு ஸ்பேஸ், ரெண்டு ஹைஃபன், 'ஃபெயில்டு'. எது எது விழுந்திருக்குன்னு லிஸ்ட் வரும். காரணம் வேணும்னா 'ஜர்னல்சிடிஎல் -பி -பி எர்', முதல் பி பூட்டோட பி, ரெண்டாவது ப்ரையாரிட்டியோட பி, இந்த தடவை ஏறினப்போ வந்த எரரை மட்டும் காட்டும். இந்த ரெண்டையும் பார்க்காம யார் என்ன யோசனை சொன்னாலும் கேக்காதீங்க. முன்னாடியெல்லாம் சர்வீஸ் (பின்னாடி ஓடுற புரோகிராம்) ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா கிளம்பும், சிஸ்டம்டி 2010ல வந்து, டெபியன்லயும் 2015ல 8வது பதிப்போட அதுவே நிலையானதுக்கு அப்புறம் நிறைய சர்வீஸ் ஒரே நேரத்துல கிளம்புது, அதனால ஸ்கிரீன்ல செவப்பு வரிக்குப் பக்கத்துல இருக்கிறது தான் காரணம்னு சொல்லவே முடியாது.

இப்போ 'சூடோ பிஎல்கேஐடி' அடிங்க (சூடோன்னா அட்மின் உரிமையோட ஓட்டுறது). 'டைப்' ஸ்வாப்னு போட்டிருக்கிற வரியில இருக்கிற யூயூஐடி தான் புது எண், அதைக் காப்பி பண்ணிக்கோங்க. அப்புறம் 'ஈடிசி' ஃபோல்டர்ல இருக்கிற எஃப்எஸ்டேப்புக்கு ஒரு நகல் எடுத்து வெச்சுட்டு, நேனோவுல (டெர்மினல்லயே ஃபைலைத் திருத்துற எடிட்டர்) சூடோவோட திறந்து, ஸ்வாப் வரியில பழைய எண்ணை எடுத்துட்டு புதுசை ஒட்டுங்க, வேற எந்த வரியையும் தொடாதீங்க. சேவ் பண்ணிட்டு 'ஃபைண்ட்எம்என்டி', ஸ்பேஸ், ரெண்டு ஹைஃபன், 'வெரிஃபை'. எழுதினதுல தப்பு இருந்தா ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடும், பலர் இதைப் பண்றதில்ல, நீங்க பண்ணுங்க. கடைசியா 'சூடோ ஸ்வாப்ஆன் -ஏ'. சத்தமில்லாம முடிஞ்சா சரியாயிடுச்சு.

சிலருக்கு இதுக்கு அப்புறமும் ஏறும்போது "சஸ்பெண்ட் ரெஸ்யூம் டிவைஸ்"க்காகக் காத்திருந்தேன்னு ஒரு வரி வரும். அதே பழைய எண் 'ஈடிசி'க்குள்ள இருக்கிற 'இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்' ஃபோல்டர்ல, 'கான்ஃப்.டி'க்குள்ள 'ரெஸ்யூம்'ன்ற ஃபைல்லயும் ஒளிஞ்சிருக்கும். அங்கயும் மாத்திட்டு 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டுங்க. அடுத்து எப்பவாவது இன்னொரு லினக்ஸ் பக்கத்துல போட்டா, பார்ட்டிஷன் கட்டத்துல அந்த ஸ்வாப்பைப் 'பயன்படுத்தாதே'ன்னு மாத்தி விடுங்க, அப்போ அது ஃபார்மேட் ஆகாது.

கேள்வி: அண்ணா, பட்டுப்புடவை டிசைன் எல்லாம் வெளி ஹார்டுடிஸ்க்ல இருக்கு. ஏறும்போதே அதுவா மவுன்ட் ஆகட்டும்னு (சிஸ்டத்தோட சேர்ந்துக்கட்டும்னு) எஃப்எஸ்டேப்ல சேர்த்தேன். இன்னிக்கு டிஸ்க்கை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன், சிஸ்டம் "எமர்ஜென்சி மோட்"னு சொல்லிட்டு நின்னுடுச்சு, பயமா இருக்கு. (ஆரணி வாசகி)

பதில்: பயப்படாதம்மா, டிசைன் எல்லாம் பத்திரமா டிஸ்க்ல இருக்கு. ஸ்வாப் மாதிரி இல்லாம, மவுன்ட் ஆகணும்னு ஒரு டிஸ்க்கை எஃப்எஸ்டேப்ல எழுதிட்டா அது கட்டாயம் இருந்தே ஆகணும்னு சிஸ்டம்டி எடுத்துக்கும், இல்லேன்னா மேல போகாது. டிஸ்க்கை எடுத்துட்டு வந்து சொருகி ஆன் பண்ணு, பழையபடி ஏறும். ஏறினதும் அந்த வரியில 'டிஃபால்ட்ஸ்'னு இருக்கிற இடத்துல ஒரு கமா போட்டு 'நோஃபெயில்'னு சேர்த்துடு, அதோட இன்னொரு கமா போட்டு 'எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10'. ஸ்பேஸ் விடக்கூடாது, விட்டா மீதியை அந்த வரியோட அடுத்த பகுதின்னு எடுத்துக்கும். இனிமே டிஸ்க் இல்லேன்னா 10 செகண்ட் பார்த்துட்டு அதுபாட்டுக்கு ஏறிடும்.

கேள்வி: புதுசா உபுண்டு போட்டதுல இருந்து 'நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்' ஃபெயில்டுன்னு வருது, ஆனா ஹாஸ்டல் வைஃபை நல்லா தான் ஓடுது. சரி பண்ணணுமா? (காட்பாடி, கல்லூரி மாணவர்)

பதில்: தேவையில்ல தம்பி. நெட் முழுசா வர்ற வரைக்கும் மத்ததை நிறுத்தி வைக்கிறது தான் அந்த சர்வீஸோட வேலை. வைஃபை பாஸ்வேர்டு உன் யூசர்ல மட்டும் சேவ் ஆகியிருந்தா நீ லாகின் பண்ண அப்புறம் தான் நெட் வரும். ஏறும்போதே நெட்வொர்க் டிரைவ் மவுன்ட் ஆகணும்னா மட்டும் அது வேணும், உன் லேப்டாப்ல அப்படி எதுவும் இல்லேன்னா 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள்' போட்டு அந்தப் பேரை (நெட்வொர்க்கோட என், மேனேஜரோட எம் மட்டும் பெரிய எழுத்து) அடிச்சுடு. நெட்வொர்க்மேனேஜரையே டிசேபிள் பண்ணிடாத, பேர் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா அதை நிறுத்தினா அடுத்த தடவை நெட்டே வராது.

கேள்வி: லினக்ஸ் போட்ட அப்புறம் விண்டோஸ்ல மணி தப்பா காட்டுது. (ராணிப்பேட்டை)

பதில்: சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுதான்னு பாருங்க. ஆமான்னா, லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல உலகப் பொது நேரத்தை எழுதுது, விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு படிக்குது. லினக்ஸ்ல 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' அடிச்சா ரெண்டும் ஒத்துப்போகும். அதுக்கப்புறம் டைம்டேட்சிடிஎல் ஒரு எச்சரிக்கை காட்டும், கோடைக்கு ஒரு மணி குளிருக்கு ஒரு மணின்னு கடிகாரத்தை மாத்துற நாடுகளுக்கு அது முக்கியம், இங்க அந்தப் பிரச்சனை இல்ல. வருஷமே பழசுக்குப் போகுதுன்னா மட்டும் மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரியை மாத்துங்க.