214 ரூபாய்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஏழு பேர் கொடைக்கானல் போகிறோம். ஏரி தெரிகிற மாதிரி ஒரு வீட்டை சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குப் பிடித்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவு 10 மணிக்கு ஆவடியில் கிளம்பினால் விடியும்போது மேலே இருக்கலாம். வண்டி ஒரு நண்பனுடையது, ஏழு பேர் உட்காரலாம். மலையில் ஓட்டிப் பழக்கம் அவனுக்கு மட்டும்தான். எல்லாச் செலவையும் ஏழாகப் பிரிப்பது என்று முதலிலேயே பேச்சு. இப்போது அவன், ‘பெட்ரோலுக்கு மட்டும் என்னைக் கேட்காதீர்கள்’ என்கிறான். அவனும் எங்களோடு வண்டியில்தானே வருகிறான்? சனிக்கிழமை இரவு பார்பிக்யூ போடும் செலவுக்குக்கூட அவன் பங்கு தருகிறான், பெட்ரோலுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? இது நியாயமா?
— பெயர் வேண்டாம், ஆவடி

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். நீங்கள் அதற்குத்தானே எழுதினீர்கள்.

ஆவடியிலிருந்து கொடைக்கானல் போய்த் திரும்ப, மேலே சுற்றுவதையும் சேர்த்து 1,125 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஏழு பேர், ஏழு பேருடைய பைகள், ஏசி, மலை ஏற்றம். லிட்டருக்குப் பன்னிரண்டரை கொடுத்தால் அது நல்ல வண்டி. 90 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 9,000. ஏழாகப் பிரித்தால் தலைக்கு 1,286. அவனை விட்டுவிட்டு ஆறாகப் பிரித்தால் 1,500. வித்தியாசம் 214 ரூபாய். பரனூரில் ஆரம்பித்து பொன்னம்பலப்பட்டி வரை சுங்கச்சாவடிகளில் போகிற பணத்தை ஏழாகவே பிரித்துக்கொள்ளுங்கள், அதை அவன் மறுக்கவில்லையே.

ஆக, ஒரு ஆளுக்கு 214 ரூபாய். வழியில் இரண்டு தரம் நிறுத்தி டீயும் வடையும் சாப்பிட்டால் ஏறக்குறைய அவ்வளவு ஆகும்.

இதே பயணத்துக்கு நீங்கள் டிராவல்ஸ் வண்டி எடுத்திருந்தால் என்ன ஆகும்? கிலோமீட்டர் கணக்கு தனி. டிரைவர் பேட்டா தனி. ராத்திரி ஓட்டினால் அதற்கொரு பேட்டா. மலை ஏறினால் ஹில் சார்ஜ். அவர் படுக்க இடம், சாப்பாடு. ஒருவரும் வாய் திறக்காமல் கொடுத்திருப்பீர்கள். டிரைவர் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவனாக இருந்தால் மட்டும் அந்த வேலைக்கு விலை பூஜ்யமாகிவிடுகிறது! டயர் தேய்வது, பிரேக் பேட் தேய்வது, ஊர் திரும்பியதும் வண்டியை சர்வீஸுக்கு விடுவது எதுவும் உங்கள் ஏழு பங்குக் கணக்கில் இல்லை. அவனும் அதைக் கேட்கவில்லை. பெட்ரோலை மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறான். என்னைக் கேட்டால் ரொம்பக் குறைவாகக் கேட்டிருக்கிறான். (லாபம் வைத்துப் பணம் வாங்கினால் அது வாடகை ஓட்டம். சொந்த உபயோகத்துக்கான வண்டியில் அப்படிச் செய்தால் விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிப்பார்கள். பெட்ரோல் செலவைப் பகிர்வது அந்த ரகம் இல்லை.)

சரி, பணம் முடிந்தது. உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு ஒரு வரி. ‘இரவு 10 மணிக்குக் கிளம்பினால்.’

அந்த நண்பன் வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து வேலைக்குப் போயிருப்பான். இரவு பத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதே அவனுக்கு ஒரு நாள் முடிந்துவிட்டது. திருச்சி தாண்டும்போது மணி மூன்றாகியிருக்கும். மனிதனின் உடம்பு தூக்கத்துக்கு ரொம்பவே ஏங்குவது இரண்டிலிருந்து ஐந்து வரை. அந்த நேரத்தில்தான் அவன் மணப்பாறை, வையம்பட்டி, அய்யலூர் என்று நேர் கோடாகப் போகிற நான்குவழிச் சாலையில் இருப்பான். அதற்குள் பின்னால் அந்தாக்ஷரி ஓய்ந்திருக்கும், ஆறு பேரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் திண்டுக்கல், வத்தலக்குண்டு. அங்கிருந்துதான் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. சுமார் ஏழாயிரம் அடி உயரம் வரை அதில் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தூங்காதவன், இருட்டோ பனிமூட்டமோ விலகாத நேரத்தில், உங்கள் ஆறு பேரையும் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவு திருப்பப்போகிறான். பெருமாள்மலைப் பக்கம் காட்டுமாடு ஒன்று ரோட்டில் நின்றாலும் நிற்கும், ஹாரனுக்கெல்லாம் அது நகராது.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. இளவயதில் இதே ரோட்டில், இதே மாதிரி இரவுப் பயணம். வையம்பட்டி தாண்டி வண்டி மெதுவாக இடது பக்கம் சாய்ந்தபோது நான் விழித்திருந்தேன், ஓட்டியவன் விழித்திருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கியதும் வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் ‘தூங்கலடா, யோசிச்சிட்டிருந்தேன்’ என்றான். அன்றைக்கு அவனிடமும் பெட்ரோல் பங்கு வாங்கிய பாவிகளில் நானும் ஒருவன்.

அதனால் வெள்ளி இரவு தூங்குங்கள். சனிக்கிழமை காலை ஐந்துக்குக் கிளம்பினால், நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டுப் போனாலும் மாலைக்குள் மேலே இருக்கலாம். ஒரு பாதி நாள் போகிறதே என்றால் வண்டியை வீட்டிலேயே விடுங்கள். எழும்பூரில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் கொடை ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து அரசு பஸ் பிடித்தால் இ-பாஸ் தொல்லையும் கிடையாது.

இ-பாஸ் என்றதும் நினைவு வருகிறது. 2024 மே 7 முதல் கொடைக்கானல் ஏறுகிற வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் நிரப்பிப் பதிய வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. யார் எடுத்தது? நான் யூகித்துச் சொல்லட்டுமா? அதுவும் அவன்தான்.

ஏரி தெரியும் வீடு விஷயத்தில் உங்களுக்கு என் அனுதாபம். ‘ஏரி தெரியும்’ என்று படம் போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் பாத்ரூம் ஜன்னலில் எக்கி நின்று, இரண்டு தைல மரத்துக்கு நடுவே பார்க்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, கிட்டே போய் நடந்துவிடுங்கள். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்தான். அந்த ஏரியே 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைக்கு அணை போட்டு உண்டாக்கியது. கைக்காசையும் போட்டார் என்பார்கள். அவர் ஊராரிடம் ஏழில் ஒரு பங்கு கேட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் இப்போது சதுப்பு நிலம் தெரியும் வீட்டைத்தான் பிடித்திருப்பீர்கள். அந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கீழே வழியில் நீங்கள் செல்ஃபி எடுக்கப்போகிற வெள்ளி நீர்வீழ்ச்சி. மேலே ஏரியில் சேர்கிற அழுக்கும் அதில்தான் இறங்குகிறது. பாட்டிலையும் பேப்பர் தட்டையும் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பார்பிக்யூ பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வெளியே போடுங்கள், சாப்பிடுங்கள், கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு உள்ளே போங்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்த அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற பழக்கம் இருக்கிறது. கனன்றுகொண்டிருக்கும் கரி கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மணம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். கொடைக்கானலிலேயே இப்படி இளைஞர்கள் இறந்த செய்தியை நாம் படித்திருக்கிறோம். கூடுதல் கம்பளி வேண்டுமென்று வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள், தருவார். கிளம்பும்போது அவர் கையில் ஏதாவது கொடுங்கள். அதை ஏழாகப் பிரிக்கத் தகராறு செய்யாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது எந்த கியரில் ஏறினானோ அதே கியரில் இறங்கட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் கருகின வாடை வரும். வந்தால் ஓரமாக நிறுத்தி, ஆற விட்டு, பிறகு கிளம்புங்கள். ‘லேட் ஆகுது மச்சான்’ என்று பின்சீட்டிலிருந்து குரல் வரக்கூடாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்காரப்போவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த 214 ரூபாயைக் கண்டுபிடித்தவரே உட்காரட்டும். போகும்போதும் வரும்போதும் தூங்கக் கூடாது.